ஏழு சீட் வண்டி

சின்ன வண்டியின் பின்னால் இருந்த, டிரெய்லர் மாட்டுகிற கொக்கியை அப்பா காலால் ஒரு மிதி மிதித்தார். வண்டியின் பின்பக்கம் இறங்கி எழுந்தது.

"இது வேணாம்டா. அந்தப் பெரிய வண்டியை எடு."

மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வண்டியையும் வீட்டுக்கே கொண்டுவந்திருந்த வாடகை வண்டிக்காரரிடம் சின்னதுக்கே பேசி முடித்துக்கொண்டிருந்தான்.

முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர் அப்பா. சுமை விஷயத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாகச் சொல்ல மாட்டார். காலையில் மகனுடைய காரை டிரெய்லரில் ஏற்றியதும் அவர்தான். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிற மாதிரி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்.

கியர் பாக்ஸ் போய் ஏழு மாசமாக நகராத கார் அது. வேறு ஊருக்குக் குடி போகிற மகனுக்கு அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

வீட்டைக் காலி செய்கிற பேச்சு பத்து நாளாக நடக்கிறது. பீரோ முதல் துடைப்பம் வரை எது வரும், எது வராது என்று பேசி முடிவாகிவிட்டது. அப்பாவைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கார் ஆயிரத்து நானூறு கிலோ. டிரெய்லர் அறுநூறு. இரண்டும் சேர்ந்து இரண்டு டன். சின்ன வண்டியின் சொந்த எடை ஆயிரத்து இருநூறு கிலோ தேறாது. சமதளத்தில் இழுத்துவிடும், யார் இல்லை என்றது? வழியில் பதினாறு வளைவோடு ஒரு மலை இறக்கம் இருக்கிறது. அங்கே பிரேக்கை மிதித்தால் முன்னால் போகிற வண்டி நிற்கப் பார்க்கும், பின்னால் வருகிற இரண்டு டன் நிற்காது. தள்ளிக்கொண்டு போகும். அப்படிப் போன ஒரு வண்டியிலிருந்து ஆட்களை வெளியே எடுக்க ஒருமுறை அவரும் கை கொடுத்திருக்கிறார்.

பெரிய வண்டியின் சொந்த எடையே இரண்டு டன்னுக்கு மேல். மூன்று டன் வரை இழுக்கலாம் என்று கதவோரத் தகட்டிலேயே அடித்திருந்தது. ஏழு பேர் உட்காரலாம்.

அந்த ஏழுதான் தொல்லையாகப் போயிற்று.

மகன், மருமகள், பிள்ளைகள் இரண்டு, மருமகளின் அம்மா. ஆக ஐந்து பேர். சின்ன வண்டியில் ஐந்து சீட். கச்சிதம். சம்பந்தியம்மா ஒரு வாரம் முன்னாலேயே பெட்டியோடு வந்து இறங்கி, தனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று சொல்லியும் வைத்துவிட்டார்.

பெரிய வண்டி என்று அப்பா சொல்கிறபோதெல்லாம் மகனின் முகம் சுண்டியது. மூன்றாவது தடவைதான் அவருக்கு உறைத்தது. தனக்கு ஒரு சீட் கேட்கிறார் என்று நினைக்கிறான்.

அடப்பாவி, என்று மனசுக்குள் வைதார்.

ஆனால் இல்லை என்று சத்தியம் செய்யவும் அவரால் முடியாது. பெரிய வண்டி எடுத்தால் இரண்டு சீட் மிஞ்சும். மிஞ்சினால், நீங்களும் ஏறுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லாமலா போய்விடுவான்? நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த ஆசை நடுவில் புகுந்ததில், அவர் சொன்ன நியாயமும் செல்லாக்காசாகிவிட்டது.

"பெரியவர் சொல்றது சரிதான் சார். அப்புறம் உங்க இஷ்டம்," என்று வண்டிக்காரர் பேனாவைத் திறந்தார்.

மகன் அப்பா பக்கம் திரும்பாமலே சொன்னான். "நீங்க எதுக்குப் பெரிய வண்டி கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா."

அப்பாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று கேட் வரை விறுவிறுவென்று நடந்தும்விட்டார்.

பேத்திக்கு ஐந்து வயசு. வண்டி கிளம்பி அரை மணியில் தூங்கிவிடுவாள். பின்சீட்டில்தான் படுப்பாள்.

திரும்பி வந்தார்.

"நான் வரலைடா," என்றார். "எனக்கு இங்க வேலை இருக்கு. கூப்பிட்டாலும் வர்றதா இல்லை. நீ பெரிய வண்டியை எடு."

வேலையை விட்டு ஒன்பது வருஷமானவருக்கு என்ன வேலை என்று மகன் கேட்கவில்லை. பத்து நாளாக அவன் முகத்தில் இல்லாத ஒரு தெளிச்சல் வந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா," என்றான். பெரிய வண்டிக்கே எழுதிவிடச் சொன்னான்.

வண்டிக்காரர் எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளை எடுத்தார். காரின் எடை, டிரெய்லரின் எடை, ஆட்கள் ஐந்து. ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தவர், காருக்குள் சாமான் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. காலி," என்றான் மகன்.

அப்பா டிரெய்லரில் கால் வைத்து ஏறினார். காரின் டிக்கியைத் திறந்தார். காலையில் பட்டையெல்லாம் கட்டி முடித்த பிறகு, யாரும் பார்க்காத சமயத்தில் உள்ளே வைத்திருந்த தன்னுடைய துணிப்பையை வெளியே எடுத்தார். டிக்கியைச் சாத்தி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

"இப்ப காலி," என்றார் வண்டிக்காரரிடம். "எழுதிக்குங்க."