ஓட்டுநர் இருக்கை

சிகாகோவிலிருந்து கிளம்பிய எட்டாவது நாள் காலை, அரிசோனாவில் ஜெசிந்தா காரை ஓரமாக நிறுத்தினாள். அறுபத்தாறாம் நெடுஞ்சாலையில் கடைசிவரை, மேற்குக் கடற்கரைவரை, போக வேண்டும் என்பது அவள் கணவர் வேதநாயகத்தின் பல வருட ஆசை. போன வருடம் அவருக்கு மறதி நோய் என்று தெரிந்ததும் டாக்டர் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். அவர் பக்கத்து இருக்கையில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

அகலமான புதுச் சாலை வந்த பிறகு யாரும் அதிகம் வராத பழைய பகுதி அது. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை.

“நீங்க ஓட்டுதீங்களா?” என்றாள்.

அவர் இடம் மாறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருத்தி, பெல்ட்டை மாட்டினார். அவள் ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. வளைவுகளில் வேகத்தைக் குறைத்தார். தார் பெயர்ந்த இடங்களை விலக்கி ஓட்டினார். பல மாதங்களாக அவர் முகத்தில் இருந்த பதற்றம் இப்போது இல்லை. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து மைல் போனதும் அவர் மரியாதையாகக் கேட்டார்.

“நீங்க எங்கம்மா எறங்கணும்?”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க எதுவரைக்கும் போறீங்க?”

“கடல் வரைக்கும். எங்க வீட்டுக்காரி அங்க காத்துக்கிட்டு நிக்கா.”

“அப்ப நானும் அங்கேயே எறங்கிக்கிடுதேன்.”