ஹால் டிக்கெட்டில் ‘ரியா’

“நம்பர் வர வேண்டிய எடத்துல பேரை அடிச்சு வச்சிருக்கீங்களே, கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தானே வேலை பாக்குறீங்க?”

கம்ப்யூட்டர் துறைத் தலைவர் சிவராமன் சார் போட்ட சத்தத்தில், காரைக்கால் கல்லூரி ஆபீசில் இருந்த பதினோரு பேரும் கை வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

டேட்டா என்ட்ரி சந்திரா தலையைக் குனிந்தபடி நின்றாள். மேஜை மேல் அந்த ஹால் டிக்கெட். பெயர் ஒழுங்காக இருந்தது. பதிவு எண் கட்டத்தில்தான் எண்ணைக் காணோம். இங்கிலீஷில் ‘ரியா’ என்று நாலே நாலு எழுத்து.

“கோட்டுச்சேரிமேட்டுப் பொண்ணு. நம்பர் இல்லாத டிக்கெட்டுன்னு பரீட்சைக்கு உள்ள விடல. வாசல்ல நின்னு அழுதுட்டுப் போயிருக்கு. உங்களுக்கு வெட்கமா இல்ல?”

“நான் சரியாத்தான் அடிச்சேன் சார்.”

“அப்ப நான் எழுதின புரோகிராம் தப்பாப் போட்டுச்சா? நாலு வருஷமா ஓடுது. ஒரு டிக்கெட் தப்பா வந்ததுண்டா?”

சந்திரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. உங்க கான்ட்ராக்டை நீட்டிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பிரின்சிபால் முடிவு பண்ணுவார்.”

கோபம் நியாயம்தான் என்றே எல்லாருக்கும் பட்டது. ஒரு பெண்ணின் பரீட்சை போயிருக்கிறது, விளையாட்டா?

புதிதாகச் சேர்ந்த லெக்சரர் நித்யஸ்ரீக்கு மட்டும் உறுத்தியது. லேபுக்கு வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், உங்க சி புரோகிராமை ஒரு தடவை செக் போட்டுக் கம்பைல் பண்ணிப் பாக்கட்டுமா? பேருக்கு, நம்பருக்குன்னு ஒதுக்கின எடத்தை மீறி எழுதினா கம்பைலர் போடுற செக் காட்டிக் குடுத்துடும்.”

“தாராளமாப் பாரும்மா. அப்பவாவது நம்புவீங்க.”

அணைத்து வைத்திருந்த செக்கை அவள் போட்டாள். கம்பைல் செய்து, அந்தப் பெண்ணின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே கொடுத்தாள். முத்துமாரியம்மாள் என்கிற பாரதிப்ரியா.

புரோகிராம் பாதியில் நின்றது. ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ என்று திரையில் ஒரு வரி வந்தது.

“பேருக்கு முப்பது எழுத்துக்குத்தான் எடம் விட்டிருக்கீங்க சார். இது இங்கிலீஷ்ல ‘ஏலியாஸ்’ போட்டு, இடைவெளியோட முப்பத்துநாலு வருது. மிச்ச நாலு எழுத்தும் பக்கத்துல இருந்த நம்பர் மேல ஏறி உக்காந்துடுச்சு.”

காரைக்கால் சான்றிதழ்களில் ‘என்கிற’ போட்டு இரண்டு பெயர் இருப்பது சர்வ சாதாரணம். பக்கத்து விழிதியூரில் பிறந்த சிவராமன் சாருக்கே அப்படி இரண்டு பெயர் உண்டு. வெளியூர்க்காரன் மறந்தால் மன்னிக்கலாம்.

“இந்தச் செக்கை யார் சார் அணைச்சு வச்சது?”

போன வருஷம் புது கம்பைலர் போட்டபோது புரோகிராம் இதே மாதிரி நடுவில் நின்றது. கம்பைலர் சரியில்லை என்று திட்டிவிட்டு செக்கை அணைத்தது அவரேதான். ‘எச்சரிக்கையை அலட்சியம் பண்ணாதீங்க’ என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற அதே சிவராமன் சார்.

“ஒண்ணுதான் சார் புரியல. நாலு வருஷமா எப்படி இது மாட்டாமலே இருந்துச்சு?”

அவருக்கும் புரியவில்லை. எழுந்து ஆபீசுக்குப் போனார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சந்திரா மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘என் கவனக்குறைவால்...’ என்ற வரி தெரிந்தது.

“எழுதாதீங்கம்மா. தப்பு என் புரோகிராம்லதான். பிரின்சிபால்கிட்ட நானே சொல்லி, அந்தப் பொண்ணுக்கு மறுபரீட்சை வைக்கச் சொல்றேன்.”

சந்திரா பேனாவை மூடினாள்.

“பேரு நீளமா இருந்தா இப்படி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். வருஷத்துக்கு ஏழெட்டு வரும். பிரிண்ட் எடுத்ததும் ஒவ்வொண்ணாப் பாத்து, கெட்டதை எல்லாம் டைப்ரைட்டர்ல அடிச்சு மாத்தி வச்சிடுவேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“மொத வருஷமே சொன்னேன் சார். அடிக்கிற வேலையை மட்டும் பாருன்னீங்க.”

அவருக்கு நினைவிருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“சரி, இந்த வருஷம் மட்டும் ஏம்மா பாக்காம விட்டீங்க?”

சந்திரா பாதி எழுதிய கடிதத்தை நாலாக மடித்தாள்.

“பிரிண்ட் எடுத்த அன்னைக்கு நான் லீவு சார். நீங்கதான் எடுத்து, பாக்காமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க.”

சிவராமன் சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இதைக் காலையில நான் கத்துனப்பவே சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் இருந்தாங்களே சார்.”