பள்ளத்தை நிரப்பியவன்

“இது வீட்டு மனையா, குப்பைத் தொட்டியா?” அஸ்திவாரக் குழியின் விளிம்பில் நின்று கத்தினான் அவள் கணவன். மனையை விற்ற பெரியவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஆறடி போயும் கெட்டி மண் வரவில்லை. பொக்லைனின் வாயில் உடைந்த செங்கல்லும் காரையும் கம்பித் துண்டுகளுமாகவே வந்தன. இதன்மேல் கட்டினால் முதல் மழைக்கே சுவர் வாய் பிளக்கும் என்றார் மேஸ்திரி.

மனையை வாங்கும் முன் மண் பரிசோதனை செய்யலாமே என்று அவள் கேட்டபோது, “பதினஞ்சு வருஷமா கான்ட்ராக்டர் நான். மண்ணை மோந்து பாத்தே சொல்லிடுவேன்” என்றவன் அவன்.

“வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தோண்டிப் பாத்திருக்கலாம் மாப்ளே,” என்றார் அவள் அப்பா, தயங்கித் தயங்கி.

“அன்னத்தைத் தலைகீழா ஒட்டினவரு எனக்குத் தொழில் சொல்லித் தராரு.”

மேஸ்திரி சிரித்தார். தன் பழைய வீட்டுக் குளியலறையில் அப்பா தன் கையாலேயே அன்னப்பறவை டைல்ஸ் ஒட்டினார். வரிசையில் ஒன்று மட்டும் தலைகீழ். ஆறு வருடத்துக்கு முன் அந்த வீட்டை அவன் இடித்து மாடி வீடுகள் கட்டினான். கேலி மட்டும் இடிபடவில்லை.

“பள்ளமாக் கெடந்த எடம். ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எவனோ லாரி லாரியாக் கொட்டி மூடிட்டான்,” என்றார் பெரியவர். “சொல்லாம வித்தது என் தப்புதான். இதை அள்ளற செலவுல பாதியை நான் ஏத்துக்கறேன்.”

“பாதி யாருக்கு வேணும்? கொட்டினவன்கிட்ட முழுசா வாங்கறேன்.”

“லாரிக்காரனை எங்கேன்னு தேடுவீங்க?”

“லாரிக்காரன் கூலிக்காரன். அவனை அனுப்பினவன்தான் பொறுப்பு. இந்தத் தொழில்ல எனக்குத் தெரியாத ஆளே கிடையாது. சாயங்காலத்துக்குள்ள பிடிச்சுடுவேன்.”

“பாதியை வாங்கிக்கலாங்க,” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு.”

“அப்ப, எனக்குப் பொறுப்பு இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க,” என்றார் பெரியவர்.

வீட்டு வரைபடத்தின் பின்பக்கத்திலேயே அவன் எழுதினான். ‘கழிவைக் கொட்ட ஆள் அனுப்பியவரே முழுப் பொறுப்பு.’ சுழித்துக் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு மாமனாரிடம் நீட்டினான். அவரும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போட்டார். பெரியவர் காகிதத்தை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

குழிக்குள்ளிருந்து பொக்லைன் ஒரு சுவர்த் துண்டை அப்படியே மேலே தூக்கியது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சார், எவனோ அன்னத்தைத் தலைகீழா ஒட்டி வச்சிருக்கான் பாருங்க.”