பெருவிரல் பட்ட இடம்

பழைய பட்டாளத்துத் தொலைநோக்கிகள் என்று சொல்லி கஸ்பார் பெட்டியில் கொண்டுவந்த பித்தளைக் குழாய்களை, பழம்பொருள் வியாபாரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆறும் டூப்பு, அண்ணாச்சி. ஆசிட்ல போட்டா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் கறுக்கும்.”

எல்லாம் கஸ்பார் தன் பட்டறையில் செய்தவைதான்.

பெட்டியின் அடியில் சேலைத்துணியில் சுற்றியிருந்த ஏழாவதை எடுத்ததும் வியாபாரியின் குரல் தணிந்துவிட்டது. “இது அசல். பெருவிரல் படுற இடம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. எவனோ ஒரு சிப்பாய் இதைக் கண்ணுல வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா நின்னிருக்கான். இந்தத் தேய்மானத்தை யாராலயும் செய்ய முடியாது.”

அதையும் செய்தது கஸ்பார்தான். மகன் போன படகு கரை திரும்பாத வாரத்தில் அவர் மனைவி செலஸ்தீனா அதைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். பதினோரு வருஷம், ஒரு நாள் விடாமல் கடலைப் பார்த்தாள்.

கஸ்பார் தன் பெருவிரலை அந்தத் தேய்மானத்தில் வைத்தார். அதற்குள் அது அடங்கவில்லை.

அவர் எடுத்து வைத்தது ஆறுதான். காலையில் பெட்டியைக் கட்டிக் கொடுத்தது செலஸ்தீனா.