கீறல் இல்லாத கண்ணாடி

காரிலிருந்து கழற்றிய முன்கண்ணாடியைச் சுவரோடு சாய்த்து வைத்தபோதுதான் டனிஸ்ரன் கவனித்தான், அதில் ஒரு கீறல்கூட இல்லை. பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருந்து அந்த விலை கூடிய காரைக் கொண்டுவந்த அஞ்சலீனா அக்கா இதை ஏன் மாற்றச் சொன்னார் என்று அவனுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கேட்காமல் புதியதை ஒட்டினான்.

பசை காய்ந்த பிறகு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமராவைச் சரிபார்க்கக் காரை இயக்கினான். திரையில் ஒரு மனித உருவம் தெரிந்தது. இரண்டு மீற்றர் முன்னால் ஆள் நிற்கிறதாம். முன்னால் கராஜின் வெறும் சுவர்தான் இருந்தது. கமராவைத் துடைத்தான். காரை வாசல் பக்கம் திருப்பி நிறுத்தினான். உருவம் அங்கேயும் இரண்டு மீற்றர் முன்னால் நின்றது.

“அக்கா, ஆரோ முன்னுக்கு நிக்கிற மாதிரிக் காட்டுது. கமரா பிழை போல.”

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். “பழைய கண்ணாடியிலயும் நிண்டவர். மாசியில என்ர மனுசன்ர செத்தவீடு முடிஞ்ச நாள் தொடக்கம் நிக்கிறார். புதுசு போட்டால் போயிடுவாரெண்டு நினைச்சன்.”

டனிஸ்ரன் சாவியைக் கொடுத்தான். அக்கா ஏறிக் கதவைச் சாத்தினார். திரையில் நின்ற உருவம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து மறைந்தது. உடனே, பக்கத்து சீற்றில் பெல்ற் போடவில்லை என்று கார் கத்தத் தொடங்கியது. அந்த சீற்றில் ஒன்றுமே இல்லை.

அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, வெறும் சீற்றுக்குக் குறுக்கே பெல்ற்றை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

“இஞ்சேருங்கோ, மீன் வாங்கிக்கொண்டு வீட்ட போவம்,” என்றபடி காரை எடுத்தார்.