வருஷத்துக்கு ஒரு சாப்பாடு

"கறுப்பு பீன்ஸா? மந்திரிகளோட உட்கார்ந்து சாப்பிட்டவன்மா என் தம்பி! ஊர் சிரிக்காது?" என்று அதட்டினார் ஓவாக்கா நகர மேயர் எவரிஸ்தோ.

"வருஷத்துக்கு ஒரு நாள்தான் வர்றாரு, பெரியவரே. பசியோட வருவாரு" என்றாள் தம்பி மனைவி எலோதியா.

"அதுக்குத்தான் ஹோட்டல்லேருந்து வான்கோழியும் நண்டும் வரவழைச்சிருக்கேன். உன் சட்டியை ஓரமா வை."

ஓரமாகவே வைத்தாள். கூடம் நிறைய அதிகாரிகள். இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கணவர் ஹசிந்தோ வாசலோடு திரும்பிவிடுவாரோ என்பதுதான் அவள் பயம்.

மறுநாள் காலை, ஹசிந்தோவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்திகள் அணைந்திருந்தன. அந்த ஊர் நம்பிக்கைப்படி, இறந்தவர்கள் வந்தால் படையலிலிருந்து ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள், மிச்சம் வீட்டாருக்கு.

மேயர் வான்கோழியைக் கடித்தார். நண்டையும் தின்று பார்த்தார். உப்பு, காரம், மணம் எதுவுமே குறையவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

வேறு வழியில்லாமல் ஓரத்துச் சட்டியிலிருந்து ஒரு வாய் அள்ளினார்.

"சப்புனு இருக்கேம்மா. உப்பே போடலையா?"

"நேத்து இருந்துச்சு, பெரியவரே" என்றாள் எலோதியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.