இரண்டு ஆபரேட்டர்கள்

காலையிலிருந்து என் போன் ஒரே ஒரு முறைதான் அடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த என் மச்சினனுக்கு இது ஏழாவது.

"இருபது மாடி அத்தான். லிப்ட் நடுவுல நின்னுபோச்சாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

லிப்ட் பழுது பார்க்கும் இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். மாதம் நூறு வேலை முடிக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகக் கம்பெனியில் புதுச் சட்டம். இன்று மாதக் கடைசி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மேனேஜரைக் கையோடு அழைத்துக்கொண்டு, வேலைகளைப் பங்கிட்டு அனுப்பும் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் பெண்ணிடம் போனேன்.

"எனக்கு வர்ற வேலையை எல்லாம் யாரும்மா அவனுக்குத் திருப்பி விடறது?"

"எல்லா லிப்ட்லேர்ந்தும் ஓயாம தகவல் ஓடி வந்துட்டே இருக்கும் ஐயா. அதை நடுவுல வடிகட்டி, சேர்த்து, பிரிச்சு அனுப்பறதுக்கு ஆபரேட்டர்கள் இருக்கு."

"லிப்ட் ஆபரேட்டரை எல்லாம் எப்பவோ வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே."

"இது ஆள் இல்லை. புரோகிராம்ல ஒரு வரி."

"என் பேர்ல என்ன வரி இருக்கு?"

அவள் தயங்கினாள். "நாலு மாடிக்கு மேல இருக்கிற எதுவும் உங்களுக்கு வராம ஒரு வடிகட்டி."

"யார் போடச் சொன்னது?"

"உங்க மச்சினர்."

"பார்த்தீங்களா சார்? அக்கா கையால சாப்பிட்டுட்டு அக்கா புருஷன் வயித்துல அடிக்கிறான்."

"ஐயா, இதை அப்புறம் பேசலாமே" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"அவனுக்கு நீயும் கூட்டா? எல்லா வரியையும் எடுத்துட்டு உள்ளதை உள்ளபடி காட்டு. சார் பார்க்கட்டும்."

"எடுத்துடும்மா" என்றார் மேனேஜர்.

அவள் இரண்டு வரிகளை அழித்தாள். திரையில் எண்கள் மாறின. மச்சினன் நூற்று எண்பத்தொன்பது. நான் முப்பத்தொன்று.

"வடிகட்டி ஒண்ணுதானே? இன்னொரு வரி எதுக்கு?" என்றேன்.

"ரெண்டு பேர் முடிச்ச வேலையையும் ஒண்ணாச் சேர்த்து, சரிபாதியாப் பிரிச்சு எழுதற வரி. அது இருந்தவரைக்கும் ஆளுக்கு நூத்திப் பத்து. அதையும் அவர்தான் கேட்டு வாங்கினார். 'லிப்ட் நின்னா படியேறித்தான் போகணும், அத்தானுக்கு முட்டி தாங்காது, அவருக்குத் தெரிஞ்சா ரோஷப்படுவார்'னு சொன்னார்."

நான் திரும்பினேன். மேனேஜர் ஏற்கெனவே என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.